கேட்பதற்கு மட்டும் ஒரு வானொலி

ஸ்கேனர் என்று அமெரிக்காவில் வழங்கப்படும் கருவி, தன் நினைவகத்தில் பதிந்துள்ள அதிர்வெண்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே சென்று, பேச்சு கேட்கும் இடத்தில் நின்று, அந்தப் பேச்சு முடிந்து ஓரிரு நொடி கழிந்ததும் மறுபடியும் தன் சுற்றைத் தொடரும் வானொலி ஏற்பி ஆகும். பாட்டும் செய்தியும் ஒலிபரப்பும் நிலையம் நாள் முழுவதும் ஒரே அதிர்வெண்ணில் இடைவிடாது ஒலிப்பதால், அதைக் கேட்பவர் முள்ளை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு நிம்மதியாக உட்காரலாம். தீயணைப்பு வண்டியிலிருந்து பேசுபவரோ நான்கு நொடி பேசிவிட்டு இருபது நிமிடம் பேசாமல் இருப்பார். அதே ஊரில் ஆம்புலன்ஸுக்கும் ரயில்வேக்கும் விமான நிலையத்துக்கும் வேறு வேறு அதிர்வெண்கள் இருக்கும். எந்த நேரத்தில் எங்கே பேச்சு எழும் என்பதைக் கையால் திருகிக் கண்டுபிடிப்பது ஆகாத காரியம். நொடிக்கு ஏறத்தாழ நூறு அதிர்வெண்களைச் சரிபார்க்கக்கூடிய இன்றைய ஸ்கேனர் அந்தத் தேடலைத் தானே செய்துகொள்கிறது. அதில் பேசுவதற்கான பொத்தான் கிடையாது; வாக்கி-டாக்கியிலிருந்து அதை வேறுபடுத்தும் முதல் அடையாளமும், பல நாடுகளின் சட்டம் அதை வேறாக நடத்துவதற்கான காரணமும் இதுவே.

காவல்துறையின் பேச்சை வீட்டில் இருந்தபடி கேட்கும் அமெரிக்கப் பழக்கம் ஸ்கேனருக்கும் முந்தியது. 1928-இல் டெட்ராய்ட் நகரக் காவல்துறை தன் ரோந்து வண்டிகளுக்கு வானொலி வழியாக உத்தரவு அனுப்பத் தொடங்கியபோது அது ஒருவழிப் பாதையாகவே இருந்தது. உத்தரவைக் கேட்ட காவலர் பதில் சொல்ல வேண்டுமானால் வழியில் ஒரு தொலைபேசியைத் தேடிப் போக வேண்டும். வண்டியிலிருந்து திரும்பப் பேசும் இருவழி முறை 1933-இல் நியூ ஜெர்சி மாநிலத்தின் பயோன் நகரில் வந்தது. அந்தக் காலத்துக் காவல்துறை அலைகள் பொது ஒலிபரப்பு வரிசையை ஒட்டியே அமைந்திருந்ததால், வீட்டு வானொலிப் பெட்டிகள் பலவற்றில் முள்ளைச் சற்று ஓரத்துக்குத் தள்ளினாலே அவை கேட்டன. வீஜி என்ற பெயரில் புகழ்பெற்ற நியூயார்க் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஆர்தர் ஃபெல்லிக், 1930-களின் இறுதியில் தன் காரிலேயே காவல்துறை வானொலியைப் பொருத்திக்கொண்டு, சம்பவம் நடந்த இடத்துக்கு மற்றவர்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்தார்.

ஸ்கேனர் என்ற தனிக் கருவி 1960-களின் பிற்பகுதியில் உருப்பெற்றபோது, ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் ஒரு குவார்ட்ஸ் படிகத்தைக் கடையில் வாங்கி உள்ளே செருக வேண்டியிருந்தது. எட்டுப் படிகம் கொள்ளும் பெட்டியில் எட்டு அதிர்வெண்கள்தாம் கேட்கும். தீயணைப்புத் துறை தன் அதிர்வெண்ணை மாற்றிக்கொண்டால் மறுபடியும் கடைக்குப் போக வேண்டும். ஒரே படிகத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு வேண்டிய அதிர்வெண்களையெல்லாம் மின்சுற்றாலேயே உண்டாக்கும் முறை 1970-களின் நடுவில் இந்தக் கருவிகளுக்குள் புகுந்த பிறகு எண் விசைகளைத் தட்டினால் போதும் என்றாகி, பேர்கேட், ரீஜென்சி போன்ற பெயர்கள் அமெரிக்க வீட்டுச் சமையலறை மேடைகளில் இடம்பிடித்தன.

இன்று ஸ்கேனர் வாங்க நினைப்பவர் கடைக்குப் போவதற்கு முன்னால் தன் ஊரைப் பற்றி விடை தேட வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அவர் கேட்க விரும்பும் துறை எந்த முறையில் பேசுகிறது என்பதே அது. இதை அறியாமல் விலை உயர்ந்த கருவியை வாங்கி வந்து, மேசையில் வைத்து, மௌனத்தைக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் உண்டு. எளிய முறையில் ஒரு துறைக்கு ஓர் அதிர்வெண் என்று இருக்கும். அந்த எண்ணைப் பதிந்துவிட்டால் 100 டாலரைச் சற்றுத் தாண்டிய சாதாரண ஸ்கேனரிலேயே அது கேட்கும். சிற்றூர்களின் தீயணைப்புத் துறைகள் பலவும் விமானப் போக்குவரத்தும் ரயில்வேயும் இன்னும் பெரும்பாலும் இப்படித்தான் பேசுகின்றன. பெருநகரங்களும் மாவட்ட நிர்வாகங்களும் கைக்கொண்டுள்ள முறை வேறு. அதற்கு ட்ரங்கிங் என்று பெயர்.

ஒரு ரயில் நிலையத்தில் ஒரே வரிசையில் நிற்பவர்கள், எந்தச் சீட்டுக் கவுன்டர் காலியாகிறதோ அங்கே போவதைப் போல, ட்ரங்கிங் அமைப்பில் எந்தத் துறைக்கும் சொந்த அதிர்வெண் கிடையாது. பத்து இருபது அதிர்வெண்கள் பொதுவில் இருக்க, ஒவ்வொருவர் பேச்சுப் பொத்தானை அழுத்தும்போதும் ஒரு கணினி அவற்றில் காலியாக உள்ள ஒன்றை அந்தக் குழுவுக்கு ஒதுக்கி, அந்த ஒதுக்கீட்டைக் கட்டுப்பாட்டு அலை என்ற தனி அலையில் இடைவிடாது அறிவித்துக்கொண்டே இருக்கும். கேள்விக்கு ஓர் அதிர்வெண்ணும் பதிலுக்கு இன்னோர் அதிர்வெண்ணும் அமையலாம் என்பதால், எளிய ஸ்கேனரில் உரையாடல் துண்டு துண்டாகவே விழும். ட்ரங்கிங் அறிந்த ஸ்கேனரோ அந்தக் கட்டுப்பாட்டு அலையைப் படித்துக்கொண்டே, குழு எங்கே போனாலும் பின்தொடரும். இதன் மேல், பேச்சை எண்களாக மாற்றி அனுப்பும் ப்ராஜெக்ட் 25 என்ற அமெரிக்கத் தரமுறையும் சேர்ந்துவிட்டதால், அதை மறுபடியும் பேச்சாக்கும் கருவிகள் பல நூறு டாலர் விலைக்கு ஏறிவிட்டன.

அந்த விலை கொடுத்த பிறகும் ஓர் இடர் எஞ்சியிருக்கிறது. ஒரே பேச்சைப் பல கோபுரங்கள் ஒரே அதிர்வெண்ணில் ஒரே நேரத்தில் அனுப்பும் அமைப்புகள் உள்ளன. இரண்டு கோபுரங்களுக்கு நடுவே உள்ள வீட்டில் அவற்றின் அலைகள் நுண்ணொடிக் கணக்கில் முன்பின்னாக வந்து ஒன்றன்மேல் ஒன்று படிந்து, எண்களைக் குழப்பி, பேச்சைச் சிதைத்துவிடும். அலை வலுவாக இருந்தும் சொல் புரியாத இந்த நிலையில் ஆன்டெனாவை உயர்த்துவது கேட்டைக் கூட்டவே செய்யும். ஒரு கோபுரத்தை மட்டும் பார்க்கும் திசை ஆன்டெனாவோ, இந்தக் குறையைக் கருதியே 2018 முதல் விற்பனைக்கு வந்த புதுவகை ஏற்பியோதான் உதவும்.

மறையாக்கம் செய்யப்பட்ட பேச்சுக்கு எந்த விலையிலும் கருவி கிடையாது. நியூயார்க் காவல்துறை 2023-இல் புரூக்ளின் பகுதியில் தொடங்கித் தன் பேச்சைப் பூட்ட முற்பட்டது. சிகாகோ நகரம் முப்பது நிமிடத் தாமதத்துடன் மட்டுமே பொதுமக்களுக்கு ஒலியைத் தரும் ஏற்பாட்டுக்குப் போனது. பாதிக்கப்பட்டவரின் பெயரும் முகவரியும் வானத்தில் உரக்க வாசிக்கப்படக் கூடாது என்பதும், தேடப்படும் குற்றவாளி காவலரின் அடுத்த நகர்வை அறிந்துவிடக் கூடாது என்பதும் நியாயமான காரணங்களே. ஆயினும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக மக்கள் கேட்டுவந்த ஒன்றை முழுவதும் அடைத்துவிடுவது, காவல்துறை தெருவில் என்ன செய்கிறது என்பதைச் செய்தியாளரும் குடிமக்களும் காவல்துறையின் அறிக்கை வருமுன்பே அறிந்துகொள்ளும் முக்கிய வழியையும் அடைத்துவிடுகிறது. தனிநபர் விவரங்களைப் பேசுவதற்கு மட்டும் பூட்டிய ஓர் அலையை ஒதுக்கிவிட்டு, அன்றாட அழைப்புகளைத் திறந்தே வைப்பது தொழில்நுட்ப அளவில் கடினமானதன்று. அந்த நடுவழியே சரியானது.

காவல்துறை மூடிக்கொண்ட ஊர்களிலும் ஸ்கேனருக்கு வேலை இல்லாமல் போய்விடவில்லை. கேட்கும் இன்பத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் விமான அலைக்கு நிகரானது வேறில்லை. 118 மெகாஹெர்ட்ஸ் முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான இந்தப் பகுதி உலகம் முழுவதும் ஏறத்தாழ ஒன்றே. இங்கே பேச்சு இன்றும் வீச்சுப் பண்பேற்றம் என்ற பழைய முறையில்தான் செல்கிறது, அதாவது அலையின் உயரத்தைக் கூட்டிக் குறைத்துக் குரலை ஏற்றும் முறையில். அலையின் அதிர்வெண்ணை அசைத்துக் குரலை ஏற்றும் மற்ற முறையில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால், வலுத்த குரல் மட்டும் கேட்டு மெலிந்த குரல் சுவடே இல்லாமல் மறைந்துவிடும். வீச்சு முறையிலோ இரண்டும் மோதிக் கீச்சென்ற ஒலி எழுவதால், யாரோ ஒருவருடைய பேச்சு விழவில்லை என்பதாவது கேட்பவருக்குத் தெரியும்.

1977 மார்ச் 27 அன்று கேனரித் தீவுகளின் டெனரீஃப் விமான நிலையத்தில், மூடுபனிக்கு நடுவே, இந்தக் கீச்சொலி உலகின் மிகப் பெரிய விமான விபத்துக்கு முந்தைய நொடிகளில் கேட்டது. கே.எல்.எம். விமானத்தைக் காத்திருக்கச் சொன்ன கோபுரத்தின் வார்த்தையும், தாங்கள் இன்னும் ஓடுபாதையிலேயே இருப்பதாகச் சொன்ன பான் ஆம் விமானியின் வார்த்தையும் ஒரே வேளையில் எழுந்து ஒன்றையொன்று மறைத்தன. ஓடுபாதையில் மோதிய இரண்டு விமானங்களிலுமாக 583 பேர் மாண்டனர். கட்டுப்பாட்டாளர் சொன்னதை விமானி அப்படியே திரும்பச் சொல்ல வேண்டும் என்ற விதியும், புறப்படுதல் என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை உண்மையான அனுமதியின்போது மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்ற கட்டுப்பாடும் அதன் பிறகு இறுகின. ஸ்கேனர் முன் அமர்பவருக்கு எண்களை அடுக்கடுக்காகத் திருப்பிச் சொல்லும் அந்த வறண்ட உரையாடல் முதலில் சலிப்பூட்டலாம். அதன் ஒவ்வோர் அசையும் ஏன் அங்கே இருக்கிறது என்பதை அறிந்தபின் அவர் அதை வேறு காதால் கேட்பார்.

அமெரிக்க ரயில் அலைகள் 160 மெகாஹெர்ட்ஸுக்கும் 161.6 மெகாஹெர்ட்ஸுக்கும் இடையே அமைந்துள்ளன. ஓட்டுநரும் கட்டுப்பாட்டு அறையும் பேசுவதைவிட இங்கே கவனத்தை ஈர்ப்பது தண்டவாளத்தின் ஓரத்தில் நிற்கும் ஓர் இயந்திரத்தின் குரல். சரக்கு ரயில் கடந்து செல்லும்போது அதன் அச்சுகளை எண்ணி, ஒவ்வொரு சக்கரத்தின் தாங்கியிலும் வெப்பத்தை அளந்து, கடைசிப் பெட்டி தாண்டியதும் தன் இடத்தின் மைல் எண்ணையும் அச்சுகளின் தொகையையும் பழுது உண்டா இல்லையா என்பதையும் அது உரக்கச் சொல்லும். 2023 பிப்ரவரியில் ஓஹையோ மாநிலத்தின் ஈஸ்ட் பாலஸ்டைன் ஊரில் சக்கரத் தாங்கி ஒன்று மிகையாகச் சூடேறியதால் ரயில் தடம்புரண்டு நச்சு வேதிப்பொருட்கள் எரிந்த பிறகே, இந்த இயந்திரங்களைப் பற்றிப் பொதுமக்கள் பேசத் தொடங்கினார்கள். ஸ்கேனர் வைத்திருந்தவர்கள் அவற்றின் குரலைப் பல்லாண்டுகளாக அறிவார்கள். கடலோர ஊர்களில் 156.8 மெகாஹெர்ட்ஸில் உள்ள 16-ஆம் எண் கடல் அலையும் கேட்கும். கப்பல்களும் படகுகளும் முதல் அழைப்பையும் ஆபத்துக் குரலையும் அதில்தான் விடுக்கின்றன.

இவை அனைத்தும் எவ்வளவு நன்றாகக் கேட்கும் என்பதைத் தீர்மானிப்பது கருவியைவிட அதனுடன் இணைக்கப்படும் ஆன்டெனாவே. பெட்டியோடு வரும் குட்டை ரப்பர் ஆன்டெனா சட்டைப் பைக்கு ஏற்றதே தவிரக் கேட்பதற்கு ஏற்றதன்று. கால் அலைநீளம் கொண்ட செங்குத்துக் கம்பியே எளிமையும் பயனும் ஒருங்கே உடையது; 7500 என்ற எண்ணை மெகாஹெர்ட்ஸ் கணக்கிலான அதிர்வெண்ணால் வகுத்தால் அதன் நீளம் சென்டிமீட்டரில் கிடைக்கும், நடைமுறையில் அதிலும் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்துக்கொள்ள வேண்டும். விமான அலைக்கு, 125 மெகாஹெர்ட்ஸை நடுவாகக் கொண்டால், 57 சென்டிமீட்டர் வருகிறது. பழைய துணி மாட்டியின் கம்பியை நிமிர்த்தி இந்த நீளத்துக்கு ஒரு துண்டை நிமிர்ந்து நிற்கும்படி இணைப்பானின் நடு முனையில் பற்றவைத்து, சற்றே நீளமான நான்கு துண்டுகளை அதன் வெளிக்கூட்டில் பற்றவைத்து, குடைக் கம்பிகளைப் போலக் கீழ்நோக்கி 45 பாகையில் வளைத்துவிட்டால், கடையில் விற்கும் பல ஆன்டெனாக்களுக்குக் குறையாத ஒன்று ஒரு மாலைப் பொழுதில் தயாராகிவிடும். எல்லா அலைகளையும் ஒரே ஆன்டெனாவில் கேட்க விரும்புபவர்கள், தட்டுப் போன்ற மேற்பகுதியும் கூம்பு போன்ற கீழ்ப்பகுதியும் கொண்ட டிஸ்கோன் என்பதை நாடுகிறார்கள். அது அனைத்தையும் ஓரளவுக்குக் கேட்கும், எதையும் மிகச் சிறப்பாகக் கேட்காது.

ஆன்டெனாவின் வடிவத்தையும் மிஞ்சியது அதன் உயரம். இந்த அதிர்வெண்களில் அலை ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வதால், மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் வரும் கிலோமீட்டரே அதன் அடிவானம் ஆகிறது. தரையிலிருந்து 4 மீட்டரில் உள்ள ஆன்டெனாவுக்கு அது 8 கிலோமீட்டர். 16 மீட்டருக்கு 16 கிலோமீட்டர். 10,000 மீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்துக்கு 412 கிலோமீட்டர். முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் பறக்கும் விமானியின் குரல் தெளிவாக விழ, அவருக்குப் பதில் சொல்லும் தரை நிலையத்தின் குரல் அறவே கேட்காமல் போவதன் காரணம் இதுதான். புதிதாகக் கேட்பவர்கள் இதைக் கருவியின் பழுது என்று எண்ணிக் கலங்கத் தேவையில்லை.

உயரத்தில் பெற்றதைக் கேபிளில் இழந்துவிடவும் கூடும். மெல்லிய கோ-ஆக்சியல் கேபிள் முப்பது மீட்டர் ஓடினால் 450 மெகாஹெர்ட்ஸ் அளவில் வரும் அலையின் பத்தில் ஒன்பது பங்கை அதுவே விழுங்கிவிடும். டிஷ் டி.வி.க்குப் போடும் சாதாரணக் கேபிள் இந்த இடத்தில் பாதிக்கும் குறைவான இழப்பையே, டெசிபல் கணக்கில், உண்டாக்குகிறது. அதன் மின்மறுப்பு அளவு ஸ்கேனருடையதோடு சரியாகப் பொருந்தாவிட்டாலும், கேட்பதற்கு மட்டும் என்றால் அது பொருட்படுத்தத் தக்கதன்று. மாடியில் ஆன்டெனா நிறுத்துபவர் மின்கம்பிகளின் அருகே போகாதிருப்பதும், கம்பத்தையும் கேபிளின் உறையையும் தரையிணைப்புச் செய்வதும், இடிமழை நெருங்கினால் கேபிளைக் கழற்றிவிடுவதும் உயிரைப் பற்றிய விஷயங்கள். இவற்றில் சிக்கனம் கூடாது.

கருவியின் முகப்பில் உள்ள குமிழ்களில் முதலில் பழக வேண்டியது ஸ்குவெல்ச். பேச்சில்லாத வேளையில் எழும் இரைச்சலை அடக்கும் கதவு அது. அதை முழுவதும் திறந்து இரைச்சல் கேட்கும்படி செய்து, பிறகு மெல்லத் திருப்பி, இரைச்சல் நிற்கும் அந்த இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் திருப்பினால் தொலைவிலிருந்து வரும் மெல்லிய குரல்களும் அடைபட்டுப்போகும், குறைவாகத் திருப்பினால் ஸ்கேனர் இரைச்சலையே பேச்சு என்று நம்பி முதல் அதிர்வெண்ணிலேயே நின்றுவிடும். எல்.இ.டி. விளக்கும் மலிவான சார்ஜரும் உமிழும் இரைச்சலில் சில அதிர்வெண்கள் எப்போதும் சிக்கிக்கொள்ளும். வீட்டின் மின்பொருட்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்துக் குற்றவாளியைக் கண்டுபிடிக்கலாம், முடியாதபோது அந்த அதிர்வெண்ணைத் தவிர்க்கும்படி கருவிக்குச் சொல்லிவிடலாம். அருகில் பண்பலை நிலையம் இருந்தால் அதன் வலிமையே ஏற்பியைத் திணறடித்து எங்கும் பாட்டுக் கேட்கச் செய்யும். 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை தடுக்கும் சிறு வடிகட்டி அதற்கு மருந்து.

2012-க்குப் பிறகு இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. கணினியில் டி.வி. பார்ப்பதற்காக விற்கப்பட்ட ஒரு சிறு யு.எஸ்.பி. கருவியின் ரியல்டெக் சில்லு, தான் பெறும் அலையைப் பிரித்தெடுக்காமல் அப்படியே எண்களாகக் கணினிக்குக் கொடுக்கவல்லது என்பதை ஆர்வலர்கள் கண்டறிந்ததும், ஏற்பியின் வேலையை மென்பொருளே செய்யும் முறை வீடுகளுக்கு வந்தது. ஸ்கேனர் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும் இடத்தில் இது இரண்டு மெகாஹெர்ட்ஸுக்கும் சற்று மேலான அகலத்தை ஒரே வீச்சில் திரையில் காட்டுகிறது. யாரேனும் பேசியதும் அந்த இடத்தில் ஒரு வெளிச்சக் கோடு தோன்றி அருவிபோல் கீழிறங்கும். 1090 மெகாஹெர்ட்ஸில் விமானங்கள் தாமாகவே அனுப்பும் இடவிவரத்தைப் பெற்று அவற்றை வரைபடத்தில் நகரவிடவும் அதே கருவி போதும். சில ஆயிரம் ரூபாய் மதிப்புள்ள ஒரு பொருளில் இவ்வளவு அடங்கியிருப்பதால், வானொலியைக் கற்க விரும்பும் மாணவருக்கு இதைவிட நல்ல பரிசு இன்று இல்லை.

எங்கே கேட்கலாம், எதைக் கேட்கலாம் என்பதில் நாடுகள் ஒத்துப்போவதில்லை. அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் பூட்டப்படாத பொதுச்சேவைப் பேச்சைக் கேட்க அனுமதிக்கிறது. கைப்பேசி உரையாடலைக் கேட்க அனுமதிப்பதில்லை, 1994-க்குப் பின் அந்த அதிர்வெண்களைப் பெறும் ஸ்கேனரைத் தயாரிப்பதும் இறக்குமதி செய்வதும் தடைசெய்யப்பட்டுள்ளன. நியூயார்க், ஃபுளோரிடா போன்ற மாநிலங்கள் வாகனத்தில் ஸ்கேனர் வைத்திருப்பதைத் தனியே கட்டுப்படுத்துகின்றன. பிரிட்டனில் பொது ஒலிபரப்பு, அமெச்சூர் வானொலி போன்றவை தவிர, தமக்கென அனுப்பப்படாத செய்தியைக் கேட்பதே குற்றம். இந்தியாவில் கம்பியில்லாத் தகவல் கருவியை உரிமமின்றி வைத்திருப்பதை 1933-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது, 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் அதற்கு மாற்றாக இயற்றப்பட்டது. ஆகவே அமெரிக்கப் பழக்கத்தை இங்கே அப்படியே எடுத்துவருவது தகாது. வானொலியில் உண்மையான ஆர்வம் உள்ளவர்களுக்கு அமெச்சூர் வானொலி உரிமத் தேர்வு என்ற நேரான வழி இருக்கிறது. பன்னிரண்டு வயது நிறைந்தவர்கள் அதை எழுதலாம்.

அமெரிக்காவில் புதிதாக ஸ்கேனர் வாங்கிய தமிழ்க் குடும்பம் முதல் நாளில் பதிய வேண்டியவை, காவல்துறையின் எண்கள் அல்ல, அரசின் வானிலை வானொலிக்கு உரிய ஏழு அதிர்வெண்கள். 162.400 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 162.550 வரை 25 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைந்த அவற்றில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோபுரங்களிலிருந்து இரவும் பகலும் பேச்சு ஓடிக்கொண்டே இருக்கிறது. சூறாவளி எச்சரிக்கையும் வெள்ள எச்சரிக்கையும் அவற்றில் வரும். ஏழில் ஒன்று தெளிவாகக் கேட்டால் கருவியும் ஆன்டெனாவும் கேபிளும் சரியாக இருக்கின்றன என்று பொருள். ஒன்றுகூடக் கேட்காவிட்டால், கருவியைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்குப் போகும் முன், ஆன்டெனாவை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பாருங்கள்.